பக்கத்து இருக்கைக்காரரின் பில்

அமெரிக்காவின் டொலிடோ நகரில் வெர்னாவின் காரை லாரி இடித்தபோது உள்ளே அவள் மட்டும்தான் இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, வீட்டில் தனியாகக் கட்டிலே கதியென்று கிடந்தாள். நஷ்டஈட்டுக்காக, வைத்தியச் செலவில் ஒன்றைக்கூட விடாமல் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் வக்கீல் பிரூயிட். பில்களை அடுக்கும்போது, அந்த விபத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்த பில் ஒன்று கிடைத்தது. மருந்து மயக்கத்தில் அதற்கும் பணம் கட்டியிருந்தாள்.

வக்கீலை அழைத்தாள். "நான் தனியாத்தான் சார் போனேன்."

"அப்புறம் எதுக்கும்மா கட்டுனீங்க? உங்க ஆளுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே!"

அந்த ஆளுக்கான பில்கள் நிற்கவில்லை. தையல் பிரித்ததற்கு வந்தது, நடக்கப் பழக்கியதற்கும் வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம்," என்றாள் அங்கிருந்த பெண், உற்சாகமாக. "இப்ப நல்லா நடக்குறாரு. வீடு எங்கன்னு கேட்டதுக்கு உங்க விலாசத்தைத்தான் சொன்னாரு. காலையிலயே கிளம்பிட்டாரே, இன்னும் வரலையா?"

வெர்னாவால் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட முடியாது. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கைத்தடி ஊன்றி யாரோ நிதானமாகப் படியேறினார்கள். அழைப்பு மணி அடிக்கவில்லை. பூட்டில் சாவி திரும்பியது.