மாமியார் படகில் ஓர் இடம்

மாமியாரின் பாய்மரப் படகில் இரண்டே பேருக்குத்தான் இடம். படகுப் பந்தய சீசன் முழுக்க ஒல்லிக்குச்சி சின்ன மாப்பிள்ளைக்கே அந்த யோகம்.

“உங்க தொப்பையைப் பார்த்து அம்மா பயந்துட்டாங்க!” என்று மனைவி சிரித்ததும், பெரிய மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வாயைக் கட்டினார். தினமும் பேடில் போர்டு என்ற மிதவைப் பலகையில் ஏறி நின்று, துடுப்புப் போட்டு ஏரியைச் சுற்றினார். மூன்றே மாதத்தில் பன்னிரண்டு கிலோ போனது.

“அத்தைகிட்ட மூச்சு விடாதே!” என்று மனைவியிடம் சொல்லிவைத்தார்.

ஒருநாள் மாமியாரே போன் செய்தார். “மாப்பிள்ளை, நாளைக்குக் கடைசிப் பந்தயம். நீங்கதான் வரணும்!”

அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் படகுத்துறையில் காற்று ஆளையே தூக்கியது. இளைத்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இந்தக் காத்துல படகு கவிழாம இருக்க, எதிர்ப்பக்கம் கனமா ஒரு ஆள் உட்காரணும். உங்க தொப்பையை நம்பித்தானே கூப்பிட்டேன்!”