படுக்க வைத்த பொம்மை

வியாசர்பாடிக் குடியிருப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாம் மாடி நீலமேகம் மட்டும்தான் பாக்கி. அவர் போடாவிட்டால் பழைய கட்டடத்தை இடித்துப் பதினான்கு மாடி எழுப்ப முடியாது. பொறியாளர் வினிதா அவர் வீட்டுக்கே வந்து, லேப்டாப்பில் புதுக் கட்டடத்தைச் சுழற்றிக் காட்டினாள். உள்ளே பொம்மை மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

“அல்லாரும் நின்னுகினே கீறாங்க. ஒருத்தர படுக்க வையும்மா.”

வினிதாவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஒரு பொம்மையைச் சாய்த்தாள்.

“லிஃப்ட்ல ஏத்து.”

ஏற்றினாள். முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“படிக்கட்டுல எறக்கு.”

திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினாள்.

“சாவு எடுக்குறதுக்காகக் கேக்குறீங்களா ஐயா?”

“யாரு சாவு?” உள் அறையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “கீழ போயி ஒரு டீ குடிக்கணும்மா. மூணு வருசமாவுது.”

“என் பொஞ்சாதி தாயம்மா,” என்றார் நீலமேகம். “இடுப்பு ஒடஞ்சவ. ஒக்கார வெச்சுத் தூக்க முடியாது.”

வினிதா லிஃப்டின் சுவரைத் தள்ளிப் பார்த்தாள். பொம்மை முழுசாக உள்ளே போனது. இடம் போதாமல் பக்கத்தில் மாடிக்கு ஒரு வீடு காணாமல் போனது. மேலதிகாரியிடம் என்ன சொல்வதென்று தெரியாமலே, படத்தைச் சேமித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

“இந்தப் படத்துக்குத்தான் போடறேன்,” என்றார் நீலமேகம்.