கூடையில் போடாதது

கும்மி வட்டத்திலிருந்து கோமதியம்மாள் மட்டும் விலகிப் போய்ச் சுவரைப் பிடித்தாள்.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டிய பதினெட்டுப் பெண்கள் கை தட்டிச் சுற்றுகிற வகுப்பில் ஒருத்தி மூச்சு வாங்கி நிற்பது அதிசயமா என்ன? ஆனால் அவள் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

அந்தச் சத்தத்தை அமுதவள்ளி எதிர்ப்பக்கத்தில் நின்றே அடையாளம் கண்டாள். பதினோரு வருடமாகத் தன் நெஞ்சுக்குள் கேட்கிற சத்தம்தான்.

தப்பு கோமதியம்மாள் மேல்தான். ஹாலுக்குள் ஊதுபத்தி, பவுடர், புகை எதுவும் கூடாது என்று டீச்சர் சுகுணா முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கு எப்படி ஆட்டம் சொல்லிக்கொடுப்பது என்று மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவள் அவள். தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் வகுப்பே தொடங்கும். இன்றைக்கு அவளுடைய கழுகுமலை பஸ் லேட். அவள் வந்து சேர்வதற்குள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக சாம்பிராணி போடாமல் எப்படி என்று கோமதியம்மாள் மூலை முடுக்கெல்லாம் புகை காட்டிவிட்டாள். அமுதவள்ளி அப்போதே பையோடு கக்கூஸ் பக்கம் நழுவி, யாரும் பார்க்காமல் இன்ஹேலரில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்திருந்தாள். சுகுணா வந்து ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்கினாள், ஆனாலும் நெடி முழுதாகப் போகவில்லை.

ஹால் வாசலில் ஒரு நீலக் கூடை இருந்தது. அதுவும் சுகுணாவின் ஏற்பாடுதான்.

"இன்ஹேலர் வச்சிருக்கவிய பேர் எழுதி இதுல போட்டு வைங்கக்கா. அவசரத்துக்குத் தேட வேண்டாம்லா."

மூன்று வாரமாகக் கூடை காலி. பேர் எழுதிப் போட வேண்டுமாம்! கல்யாணத்துக்குப் பெண்ணையோ பையனையோ வைத்துக்கொண்டு எந்தத் தாய் போடுவாள்? டீச்சர் நல்ல பெண்தான், விவரம் பத்தாது. அமுதவள்ளி இன்ஹேலர் வாங்கவே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறவள். கோவில்பட்டி மெடிக்கலில் கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"யார்கிட்டயாவது இன்ஹேலர் இருக்கா? யார்கிட்டயாவது?" என்று சுகுணா கத்தினாள்.

ஒருத்தரும் அசையவில்லை.

அமுதவள்ளியும் அசையவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, கோமதியம்மாளின் மகன். வீட்டில் யாருக்காவது இழுப்பு, வலிப்பு உண்டா என்று தரகர் இசக்கிதுரையை விட்டுக் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கிய பிறகுதான் பெண் பார்க்கவே வந்தார்கள். நாலு இடம் தட்டிப்போய் ஐந்தாவதாகக் கூடி வந்த இடம். கும்மிக்குச் சேர்ந்து போகலாம் என்று கோமதியம்மாள் கூப்பிட்டபோது மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கோமதியம்மாளின் உதடு நீலம் பாரித்தது.

யாரோ சோடா வாங்க ஓடினார்கள். இரண்டு பேர் அவளைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். படுக்க வைத்தால் கதை முடிந்தது. அது அமுதவள்ளிக்குத் தெரியும்.

அவள் பையைத் திறந்தாள்.

"படுக்க வைக்காதீய, உக்கார வைங்க!" என்று அதட்டிக்கொண்டே மண்டியிட்டு, கைக்குட்டையைப் பிரித்து இன்ஹேலரை நீட்டினாள். எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள்.

தேவைப்படவில்லை. கோமதியம்மாள் அதைப் பறித்துக் குலுக்கினாள். மூச்சை வெளியே விட்டாள். வாயில் வைத்து, அழுத்தி, இழுத்து, கண்ணை மூடி அடக்கினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் குலுக்கினாள். வருடக்கணக்கில் பழகின கை.

அதைக் கவனித்தது அமுதவள்ளி மட்டும்தான். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு. இவளுக்கும் உண்டா! அப்புறம் என்ன பயம்? தான் அவளைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை, அவளும் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"உங்களோடதாக்கா இது?" சுகுணாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "இதுல மறைக்க என்ன இருக்கு? எல்லாரும் அக்காவுக்குக் கை தட்டுங்க."

பதினாறு பேர் தட்டினார்கள். கும்மிக்குப் பழகிய கைகள், நல்ல சத்தம் வந்தது.

கோமதியம்மாள் ஆட்டோவில் ஏறும்போது "வாரேன்" என்றாள். மூன்று வாரமாக வாய் நிறையச் சொன்ன "மதினி" கூட வரவில்லை. அசதியாக இருக்கும் என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இசக்கிதுரை போன் செய்தார்.

"அவிய வேண்டாம்னுட்டாவம்மா. அவிய வம்சத்துலயே யாருக்கும் இந்தக் கோளாறு கிடையாதாம். தெரிஞ்சே எப்படிப் பொண்ணெடுக்கதுன்னு கேக்காவ. எங்கிட்டயும் மறைச்சிட்டீங்களே."

அடுக்களையில் கிருஷ்ணப்ரியா மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை மாற்றும் அன்றைக்கு உடுத்தும் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுவென்று பாடினாள்.

நெடி ஏறி அமுதவள்ளிக்கு நெஞ்சை அடைத்தது. பையை எடுத்துக் கவிழ்த்தாள். கைக்குட்டை மட்டும்தான் விழுந்தது.

ஆட்டோவில் ஏறும்போது கோமதியம்மாள் இன்ஹேலரை உள்ளங்கைக்குள் வைத்திருந்ததை அவள் பார்த்தாள்தான். சம்பந்தியிடம்தானே இருக்கிறது என்று கேட்காமல் விட்டிருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, தெருமுனை மெடிக்கலுக்கு நடந்தாள். இனி திருநெல்வேலிக்குப் போக வேண்டியதில்லை.