கீழ்வீட்டுப் பப்பாளி

ஐஸ் தண்ணீரில் கிடந்த பப்பாளிக்காய்த் துருவலில் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கடித்துப் பார்த்தான்.

நறுக்கென்றது.

அவனுக்கே நம்ப முடியவில்லை. இன்னொரு பிடி கடித்தான். அதுவும் நறுக்கென்றது.

வெந்நீர் வைக்கப் போய்ப் பாத்திரத்தைக் கருக விடுகிற ரகம் அவன். அடுப்பே பற்ற வைக்காத சமையல் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து தலைகால் புரியவில்லை. போன வருடம் பாங்காக்கில், தெருவோரத் தள்ளுவண்டிக்காரி உரலில் இடித்துக் கலந்து கொடுத்த சாலட் அது. ஒரு வாய் தின்றுவிட்டு, காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, அவன் மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது அப்போது.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியது போதும் என்று அவளே முடிவு செய்த கையோடு போன பயணம் அது. ஊசி, மாத்திரை, மாதா மாதம் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வராமல் இருப்பது, எல்லாம் போதும். இனி இந்தப் பேச்சு நம் வீட்டில் வேண்டாம் என்றாள். அவனும் சரி என்றான்.

பேச்சு மட்டும்தான் நின்றது.

அந்தச் சிரிப்பு மறுபடி ஒரு தடவை வேண்டும். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்து.

காய்க்கு எங்கேயும் அலையவில்லை. கீழ்வீட்டுச் செல்லத்தாய் அக்காவின் மரத்தில் பப்பாளி அப்பிக் காய்த்துக் கிடக்கிறது. துரட்டியால் ஒரு பச்சைக் காயைத் தட்டி எடுத்தவள், கொடுக்க வந்த கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"வீட்ல விசேஷம் ஒண்ணும் இல்லல்லா தம்பி? பிள்ளைத்தாச்சிக்கு இந்தக் காய் ஆகாது பாத்துக்கிடுங்க."

"அதெல்லாம் இல்லக்கா."

பழகிப் போன பதில். யார் கேட்டாலும் யோசிக்காமல் வந்துவிடும். மாடிப்படி ஏறும்போதுதான் நெஞ்சில் உறுத்தியது.

இஞ்சி தட்டும் சின்னக் கல்லுரலில் பூண்டும் மிளகாயும் நசுங்கின. பாங்காக் வண்டிக்காரி என்ன வெல்லம் போட்டாளோ, இவன் கருப்பட்டியைப் போட்டான். எலுமிச்சையைப் பிழிந்தான். பச்சை பீன்ஸை உடைத்துப் போட்டு இரண்டு இடி இடித்தான். காரட், தக்காளி, வறுத்த கடலை. கடைசியாகத் துருவல்.

நாக்கில் வைத்தான். புளிப்பு, அதன் பின்னாலேயே இனிப்பு, அது போகுமுன் உறைப்பு. வேகாத காய்க்குள் இவ்வளவு இருக்கிறதா என்று மலைத்துப் போனான். தன் கையாலா இது வந்தது!

தட்டில் வைத்து மனைவி முன்னால் கொண்டுபோய் வைத்தான். எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தான்.

அவள் ஸ்பூனால் ஒரு கடலையை எடுத்தாள். மென்றாள். பிறகு ஒரு பீன்ஸ் துண்டு. அதிலிருந்தும் ஒட்டியிருந்த துருவலைத் தட்டிவிட்டுத்தான் வாயில் போட்டாள். வெளிறிய துருவல் எல்லாம் தட்டின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பொங்கலில் மிளகைக்கூட ஒதுக்காதவள்.

அவன் முகம் தொங்கிப் போனது.

"வெள்ளரிக்கா வச்சுப் பண்ணித் தாங்களேன்" என்றாள்.

வெள்ளரிக்காயா! அது தண்ணீர் விடும். சொதசொதவென்று ஆகிவிடும். சமையல் வீடியோவில் வந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தாள். நறுக்கென்று இருக்க வேண்டுமென்றால் பப்பாளிக்காய்தான். இதையெல்லாம் விளக்கிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.



கொடுக்க வந்து பாதியில் நின்ற அக்காவின் கை நினைவுக்கு வந்தது.

மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். சொன்ன சொல்லை இப்போதும் மீறவில்லை.

அவனும் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று ஆகிவிடுமோ என்று பயம்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். விரல்களில் காயின் பால் பிசுபிசுத்தது. சோப்புப் போட்டுக் கழுவினான். போதவில்லை என்று தோன்றியது. மறுபடி கழுவினான். உரலையும் தேய்த்துக் கவிழ்த்தான்.

எட்டிப் பார்த்தான். காலையில் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்த அதே மனைவிதான், அதே பழைய நைட்டியில், மேஜையில் சிந்திய கடலைத் தோலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். போய்க் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ஃபிரிட்ஜில் வெள்ளரிக்காய் ஒன்று இருந்தது. எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்குக் கீழே குரல் கேட்டது. அக்கா மரத்தடியில் துரட்டியோடு நின்றாள்.

"காய் போதுமா தம்பி? இன்னொண்ணு தட்டட்டா?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை இல்லை என்று சொன்ன வாய்.

"வேண்டாம்க்கா" என்றான் ஒருவழியாக. "இனிமே வேண்டாம்க்கா."

அக்கா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

துரட்டியைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்து வைத்தாள்.