ஆறு படி

“பிள்ளை வெக்கப்படக்கூடாது. நாலு பெடியள் ஆயத்தமாய் நிக்கினம். கதிரையோடை தூக்கி மேடையிலை வைப்பினம்.”

தமிழ்ச் சங்கத் தலைவர் யோகநாதன் மைக்கில் சொன்னதும் நோர்வேயின் ஸ்டோவ்னர் மண்டபம் கைதட்டியது.

“வேண்டாம், மாமா,” என்றாள் கிருசாந்தி.

கைதட்டல் பாதியில் நின்றது.

முன்வரிசையில் இருந்த தாய் கனகேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போனது. கால் அசையாத மகள், சறுக்குக் கட்டையில் பூட்டிய இருக்கையில் தன்னைக் கட்டிக்கொண்டு, கைத்தடிகளால் பனியை உந்தி உந்திப் பன்னிரண்டு வருடம் நோர்வே அணிக்காக ஓடியவள். போன மாதம்தான் கடைசிப் பதக்கத்தோடு ஓய்வு பெற்றாள்.

“குளிருக்குள்ளை என்ன விசர் வேலை? வீட்டிலை பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ” என்று அந்த நாளில் புத்தி சொன்ன அதே ஆட்கள்தான் இப்போது பொன்னாடையோடு நின்றார்கள். இந்த ஒரு நாளுக்காகத்தான் கனகேஸ்வரி காத்துக் கிடந்தாள்.

“கதிரை உருண்டு ஏறச் சாய்வுப் பலகை ஒண்டு போடுங்கோ எண்டு அப்பவே சொன்னனான், மாமா.”

“முப்பது வருசமா இதே மேடைதான் பிள்ளை. ஒருத்தரும் குறை சொல்லேல்லை.”

“அப்ப பொன்னாடையைக் கீழை கொண்டு வாங்கோ.”

“அதெப்பிடி? மரியாதை எண்டால் மேடையிலைதான்.”

யோகநாதன் பக்கத்தில் நின்ற செயலாளரிடம் திரும்பினார். “பதக்கம் வந்தால் கொழுப்பும் வந்திடும்.”

கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். ஒலி மேசையில் இருந்த பத்மநாதன் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார். அதற்குள் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள்.

கிருசாந்தி சக்கர நாற்காலியைத் திருப்பினாள். சுவரோரமாக உருட்டிப் போய் ஒலி மேசையடியில் நிறுத்தினாள்.

“வெள்ளைக்காரியாய்ப் போச்சு,” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“இனி எங்களை எங்கை மதிக்கப் போகுது?”

கனகேஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மகளுக்குப் பின்னால் ஓடினாள்.

“உனக்கென்னடி விசரே? போன மாரிக்கை எங்கடை அம்மருட் மாடிவீட்டிலை லிஃப்ட் பழுதாய்ப் போக, ஒருத்தரையும் தொட விடாமல் கையை ஊண்டி ஊண்டி மூண்டு மாடி ஏறினனி. உந்த ஆறு படி உனக்கு ஒரு கணக்கே?”

“ஏறுவன், அம்மா.”

“பிறகேன் சபைக்குள்ளை என்ரை மானத்தை வாங்குறாய்?”

“பத்மநாதன் மாமா எத்தினை வருசமா இஞ்சை ஒலி போடுறார்?”

“இருபது வருசம் இருக்கும். இப்ப அதுக்கென்ன?”

“அவருக்கும் ஒருக்காப் பொன்னாடை போத்த யோசிச்சவையாம். பிறகு விட்டிட்டினமாம்.”

“ஏன் விட்டவை?”

கிருசாந்தி மேசைக்குப் பின்னால் பார்த்தாள். கனகேஸ்வரியும் பார்த்தாள்.

போரில் இரண்டு காலையும் இழந்த பத்மநாதன் இருந்த சக்கர நாற்காலி. அவள் ஒவ்வொரு விழாவிலும் கண்டதுதான். ஆனால் இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

மேடையடியில் அந்த நாலு பெடியளும் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பத்மநாதன் ஒலி சரிபார்க்கும் மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தார். இந்த முறை சத்தத்தைக் குறைக்கவில்லை. நன்றாகக் கூட்டிவிட்டுச் சொன்னார்:

“என்னைத் தூக்க ஆள் கிடைக்கேல்லை எண்டு தலைவர் சொன்னவர், அக்கா.”