ஒன்றரை லட்சம் மாப்பிள்ளை

மகனுக்கு வருசம் ஒன்றரை லட்சம் டாலர் சம்பளம் என்று பெண்வீட்டாரிடம் அளந்துவிட்டிருந்தாள் நியூசிலாந்து மவுண்ட் ரோஸ்கில் யோகமலர். அதே மகனின் விண்ணப்பத்தோடுதான் குறைந்த வருமானக்காரருக்கான வீட்டுத்திட்டக் கூட்டத்துக்கும் வந்திருந்தாள்.

இலக்கு இருபது வீடு, கட்டி முடிந்தது மூன்று, பதினேழு பாக்கி என்று அதிகாரி கூசாமல் வாசித்தார்.

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பினால், பெண்ணின் தகப்பன் தில்லையம்பலம்!

உண்மைச் சம்பளம் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமே! யோகமலர் விண்ணப்பத்தைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள்.

"சும்மா என்ன நடக்குதெண்டு விடுப்புப் பாக்க வந்தனான், அண்ணை."

"ஓம், ஓம்." அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ, சம்பந்தியம்மா. நான் சீதனமாத் தாறன் எண்ட வீடு, அந்தப் பதினேழுக்குள்ளதான் வரவேணும்."