அறுந்து விழுந்த பெல்ட்

வண்டி என் பட்டறைக்குள் திரும்புவதற்குள் தமிழ்வாணிக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்து, சீட்டிலிருந்து பாதி எழுந்து, அந்தப் பழைய வேனை ஒருவழியாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். வாசல் தூணில் துளியும் உரசவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பக்கத்து சீட்டில் அவள் புருஷன் காசிமாயன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள.

"ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குண்ணே. மத்தியானத்துக்குள்ள சரியாகணும்" என்றாள் தமிழ்வாணி.

எனக்கு விஷயம் தெரியும். கப்பலூர் பக்கம் ஒரு தையல் கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க வேன் கேட்கிறார்கள். பெண்தான் ஓட்ட வேண்டுமாம். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. இன்று மத்தியானம் மேனேஜர் முன்னால் ஒரு குறுகலான கேட்டுக்குள் வேனை ரிவர்ஸில் விட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் அடுத்து நிற்கிறவளுக்கு.

"ஸ்டியரிங் பாக்ஸே போயிருச்சு மாப்ள. இது ஆகாது. இம்புட்டுக் கனம் இவ கைக்குத் தாங்குமா?" என்றான் காசிமாயன்.

மெக்கானிக்கிடம் வந்து நோயையும் சொல்லி மருந்தையும் சொல்கிறவனைக் கண்டால் எனக்குக் குஷி பிறந்துவிடும். அவன் சொன்னது தப்பென்று காட்டாமல் அன்றைக்குச் சோறு இறங்காது.

டயரைப் பார்த்தேன். காற்று சரி. ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்தேன். கழுத்துவரை இருந்தது. இஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். ஸ்டியரிங்கை லேசாக்குகிற பம்ப் கெட்டிருந்தால் அந்த நேரத்தில் முனகும், தெருவுக்கே கேட்கும். இது மூச்சுகூட விடவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கெட்ட பம்ப் முனகும். சுற்றாத பம்ப்தான் சும்மா இருக்கும்!

இஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச்சோடு பானட்டுக்குள் தலையை விட்டேன். பம்ப்பைச் சுற்றவைக்கிற பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சக்கரம்தான் இருந்தது. "பிடிச்சிட்டேன்டா!" என்று கத்தியேவிட்டேன். எதிர்த்த டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெல்ட் அறுந்தால் சுற்றிலும் ரப்பர் நார் நாராகக் கிடக்கும். ஒரு துணுக்கும் இல்லை. பம்ப் போல்டில் மட்டும் பழைய அழுக்கு உதிர்ந்து, ஸ்பேனர் பிடித்த இடம் பளபளத்தது.

தலையைத் தூக்கினேன். என் மாப்ள என்னைப் பார்க்கவில்லை. ஏர்போர்ட்டில் இறங்கப் போகிற விமானத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் புரிந்துபோயிற்று. பொண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகிறான் என்று டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள். அதற்குப் பயந்து கழற்றியிருக்கிறான். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன் என்பது அவனுக்கும் தெரியும்.

ஒரே பெஞ்சு. என்ன செய்ய?

"பெல்ட் அறுந்து விழுந்திருச்சு தங்கச்சி. பழைய மாடல் வண்டி. டவுனுக்குள்ள தேடித்தான் வாங்கணும். நாளைக்குத்தான் ஆகும்" என்றேன்.

மாப்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தமிழ்வாணி சீட்டுக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்தாள். டிபன் பாக்ஸை வெளியே வைத்தாள். அதற்கு அடியில் பேப்பரில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பெல்ட். அதில் ஒரு கீறல் இல்லை.

"மாட்டுக்கொட்டத்துப் பரண்ல கெடந்துச்சுண்ணே. நான் பாத்து ஒரு மாசமாச்சு. அப்பவே மாட்டுனா திரும்பக் கழட்டிருவாரு. அதான் இந்தக் கனத்தோடயே கண்மாய்ப் பொட்டல்ல ரிவர்ஸ் பழகிக்கிட்டேன். நீங்க மாட்டிவிட்டா இவரு கழட்டமாட்டாருன்னு நம்பித்தான் இங்க வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. காசிமாயன் மறுபடி அண்ணாந்து விமானத்தைத் தேடினான். அது எப்போதோ இறங்கியிருந்தது.

பெல்ட்டை மாட்டினேன். கம்பி கொடுத்து நெம்பி போல்டை முறுக்கினேன். என் தொழிலில் எந்த போல்டையும் அத்தனை இறுக்கமாக முறுக்கியதில்லை.

தமிழ்வாணி ஏறி உட்கார்ந்தாள். காய்த்துப்போன உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு இஞ்சினைப் போட்டாள். ஸ்டியரிங்கை ஒரு விரலால் தொட்டாள். அது பம்பரமாகச் சுற்றியது. முதலில் அவளுக்கே பயம் வந்துவிட்டது. அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு!

ரிவர்ஸ் போட்டாள். அந்தப் பழைய வேன் என் பட்டறையின் கோணல் வாசலில் இரண்டு பக்கமும் கையளவு இடம் விட்டு, ஒரே ஒடிப்பில் பின்னால் போய் ரோட்டில் நின்றது. ஒரு ஷேர் ஆட்டோ நின்று வழிவிட்டது. என்னையறியாமல் விசிலடித்துவிட்டேன். டீக்கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏறுறீகளா, ஷேர் ஆட்டோவுல வாரீகளா?"

காசிமாயன் வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தான்.